குளிர்ந்த தாயும் தடுப்பூசியும்: மதியிறுக்கத்தின் காரணம் குறித்த இரு பிழைக்கருத்துகளின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மதியிறுக்கத்திற்குத் தாயின் அன்பின்மையே காரணம் என்ற கருத்து 1940களின் இறுதியில் அமெரிக்காவில் உருப்பெற்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மருத்துவ உலகில் செல்வாக்குப் பெற்றிருந்தது. தடுப்பூசியே காரணம் என்ற கருத்து 1998இல் இலண்டனில் வலுப்பெற்றது. முன்னது பெற்றோரைக் குற்றவாளியாக்கியது. பின்னது பெற்றோரின் சொல்லையே சான்றாக நிறுத்தியது. எதிரெதிரானவையாகத் தோன்றும் இவ்விரு கருத்துகளும் ஒரே முறையியல் பிழையிலிருந்து பிறந்தவை என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. மருத்துவரின் வாயிலை வந்தடைந்த சில குழந்தைகளிடம் காணப்பட்ட பொதுக்கூறுகளை அந்நிலையின் காரணமாகக் கொண்டதே அப்பிழை.

திறவுச்சொற்கள்: மதியிறுக்கம், லியோ கேனர், புரூனோ பெட்டல்ஹைம், பெர்னார்ட் ரிம்லாண்ட், தெரிவுப் பிழை, மருத்துவ வரலாறு

முன்னுரை

ஆட்டிசம் என்னும் சொல்லை 1910களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து உளமருத்துவர் யூஜென் புளூலர் ஆக்கினார். ‘தான்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்த அச்சொல், மனச்சிதைவு நோயாளர் புற உலகை விட்டுத் தமக்குள் ஒடுங்குவதைக் குறித்தது. குழந்தைகளின் தனித்த நிலை ஒன்றைச் சுட்ட அது பின்னரே கடன் வாங்கப்பட்டது. தமிழில் ‘மதியிறுக்கம்’ என்ற சொல் இன்று வழக்கூன்றியுள்ளது. அரசு ஆவணங்களில் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்னும் அடைமொழியும் காணப்படுகிறது. இவ்வடைமொழியில் புளூலரின் பழம்பொருள் இன்னும் தங்கியிருப்பது நோக்கத்தக்கது. ஒரு குழந்தை உலகிலிருந்து விலகியது என்று சொன்ன உடனேயே, எதைக் கண்டு விலகியது, யாரால் விலகியது என்ற வினாக்கள் பின்தொடர்ந்து வந்துவிடுகின்றன. மதியிறுக்கத்தின் காரணம் பற்றிய பிழைக்கருத்துகளுள் மிகுந்த தீங்கு விளைவித்த ஒன்று இவ்வினாவிலிருந்தே கிளைத்தது. இக்கட்டுரையில் மதியிறுக்கம் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

பதினோரு குழந்தைகள்

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தை உளமருத்துவராகப் பணியாற்றிய லியோ கேனரிடம் 1938இல் டொனால்ட் என்னும் ஐந்து வயதுச் சிறுவன் அழைத்துவரப்பட்டான். மிசிசிப்பி மாநிலத்தின் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரிலிருந்து வந்தவன் அவன். வருகைக்கு முன்பே அவனுடைய தந்தை 33 பக்கங்களில் தட்டச்சிட்ட கடிதம் ஒன்றை அனுப்பியிருந்தார். மகனின் நினைவாற்றல், சுழலும் பொருள்களின்மீது அவனுக்கிருந்த ஈர்ப்பு, பிறர் அறைக்குள் வருவதையும் போவதையும் அவன் பொருட்படுத்தாமை ஆகியவை அதில் நுணுக்கமாக விவரிக்கப்பட்டிருந்தன.

இச்சிறுவனையும் இவனையொத்த வேறு பத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டுக் கேனர் எழுதிய கட்டுரை 1943இல் வெளியாயிற்று. எட்டுச் சிறுவரும் மூன்று சிறுமியருமாகப் பதினொருவர். தனிமை நாட்டம், மாற்றத்தைப் பொறாமை, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுதல், ‘நான்’ என வேண்டிய இடத்தில் ‘நீ’ என்றல் ஆகிய கூறுகள் இவர்களிடையே காணப்பட்டதை அவர் குறித்தார். பிறரோடு உணர்வுத் தொடர்பு கொள்ளும் இயல்பூக்கம் இக்குழந்தைகளுக்குப் பிறவியிலேயே குறைந்துள்ளது என்பதே அவர் எட்டிய முடிவு. வாழ்வின் தொடக்கத்திலிருந்தே இந்நிலை காணப்படுவதால் பெற்றோருடனான உறவை மட்டும் காரணமாகச் சுட்டுவது கடினம் என்றும் அவர் கருதினார்.

எனினும் அதே கட்டுரையின் இறுதிப் பகுதி வேறு திசையில் செல்கிறது. குழந்தைகளின் குடும்பங்கள் அனைத்தும் அறிவுத் தகுதி மிக்கவை எனக் கேனர் குறித்தார். தந்தையருள் நால்வர் உளமருத்துவர். ஏனையோருள் வழக்குரைஞர், பேராசிரியர், பொறியாளர் ஆகியோர் இருந்தனர். பதினொரு தாய்மாரில் ஒன்பதின்மர் கல்லூரிப் பட்டம் பெற்றவர். பெண்கள் பட்டம் பெறுவது அரிதாக இருந்த அக்காலத்தில் இது வியப்பான விகிதமே. உளம் கனிந்த பெற்றோர் இக்குழுவில் மிகச் சிலரே என்ற குறிப்பையும் அவர் சேர்த்தார்.

இவ்விகிதத்திற்கு எளிய விளக்கம் ஒன்று உண்டு. 1930களில் நாடு முழுதும் பெயர்பெற்ற மருத்துவர் ஒருவரைத் தேடி மாநிலங்கள் கடந்து பயணம் செய்யப் பணம் வேண்டும், படிப்பு வேண்டும், அவரைப் பற்றி எடுத்துச் சொல்ல அறிந்தவர் வேண்டும். உளமருத்துவரின் பிள்ளை உளமருத்துவரிடம் வந்து சேர்வதில் வியப்பில்லை. பருத்திக் காட்டுக் கூலியின் குழந்தை இதே நிலையில் இருந்திருப்பின், ‘மந்தபுத்தி’ என்ற பெயரோடு வீட்டிலோ காப்பகத்திலோ கிடந்திருக்கும். கேனரின் பட்டியலில் இடம்பெற்றிருக்காது. கற்றறிந்த பெற்றோர் என்னும் பொதுமை, பால்டிமோர் மருத்துவமனையின் வாயிலை எவரால் எட்ட முடிந்தது என்பதையே காட்டிற்று; மதியிறுக்கத்தைப் பற்றி அது எதையும் கூறவில்லை.

இதனினும் கூர்மையான முரண் ஒன்று அக்கட்டுரையில் உள்ளது. பெற்றோர் எழுதிவைத்த நாட்குறிப்புகளும் நெடிய கடிதங்களும் இல்லாதிருந்தால் கேனரின் கண்டுபிடிப்பே நிகழ்ந்திராது. அந்நாட்குறிப்புகளின் நுணுக்கத்தையே பெற்றோரிடம் காணப்பட்ட மிகைப்பற்றுக்குச் சான்றாக அவர் எடுத்துக்காட்டினார். ஒரு தந்தை தம் மகனைப் புரிந்துகொள்ளத் தட்டச்சிட்ட 33 பக்கங்கள், தரவாகப் பயன்பட்ட பின்னர் குற்றப்பத்திரிகையின் ஓர் ஏடாயின. இத்தனைக்கும் 1941இல் தாய்மாருக்காக வாதாடி ஒரு நூலையே எழுதியவர் கேனர். உளவியலரின் மிகை அறிவுரைகளைக் கேட்டுத் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை என்பது அந்நூலின் சாரம்.

உறைபெட்டி உவமை

1949ஆம் ஆண்டுக் கட்டுரையில் கேனரின் தொனி மாறிவிட்டது. உறைபனி உருகாத குளிர்சாதனப் பெட்டியில் பொருளை ஒழுங்காக அடுக்கிவைப்பதைப் போல இக்குழந்தைகள் வைக்கப்பட்டிருந்தனர் என்ற உவமையை அவர் அதில் கையாண்டார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே ‘டைம்’ இதழ் இவர்களை உறைந்த குழந்தைகள் எனப் பெயரிட்டுச் செய்தி வெளியிட்டிருந்தது. உவமை ஆய்விதழைக் கடந்து வீடுகளுக்குள் நுழைந்தது. ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்ற வசைச்சொல் இவ்வாறு பிறந்தது. கேனர் பெற்றோர் இருவரையும் சேர்த்தே எழுதினார். வழக்கில் நிலைத்ததோ தாய் மட்டுமே.

சான்று இவ்வளவு மெலிந்திருக்கையில் இக்கருத்து ஏன் இத்துணை விரைவாகப் பரவியது? காலச்சூழல் அதற்கு இடமளித்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க உளமருத்துவத்தில் உளப்பகுப்பாய்வே முதன்மைப் பள்ளியாக விளங்கியது. மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்ற கருத்தை ஃபிரீடா ஃபிரொம்-ரைக்மன் 1948இல் முன்வைத்திருந்தார். தாயன்பு கிட்டாத காப்பகக் குழந்தைகள் நலிவதை ரெனே ஸ்பிட்ஸ் காட்டியிருந்தார். 1951இல் ஜான் பௌல்பி உலக சுகாதார நிறுவனத்திற்கு அளித்த அறிக்கையும் அதனை வலியுறுத்தியது. காப்பகக் குழந்தைகளைப் பற்றிய அவ்வாய்வுகள் அவற்றின் எல்லைக்குள் பொருளுடையவை. பெற்றோர் மடியில் வளரும் குழந்தைக்கும் அவற்றை நீட்டியதுதான் பிழை. மறுபுறம், நாஜி ஜெர்மனியின் இனத்தூய்மைக் கொடுமைகளுக்குப் பின் மரபுவழிக் காரணம் என்ற பேச்சே கூசத்தக்கதாக இருந்தது. பிறவிக் காரணம் என்றால் செய்வதற்கொன்றுமில்லை, வளர்ப்புக் காரணம் என்றால் குணப்படுத்தலாம் என்ற நம்பிக்கையும் துணைநின்றது. இக்கருத்து கொடியதாக இருந்தும் கருணையின் தோற்றத்தோடு வந்தது என்பதை மறத்தலாகாது.

பெட்டல்ஹைமின் கோட்டை

இக்கருத்தை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் புரூனோ பெட்டல்ஹைம். வியன்னாவில் 1903இல் பிறந்த யூதரான அவர், 1938–39இல் டாகாவ், புகன்வால்ட் வதைமுகாம்களில் அடைக்கப்பட்டிருந்தார். விடுதலைக்குப்பின் அமெரிக்காவில் குடியேறி, 1944 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆர்த்தோஜெனிக் பள்ளிக்குத் தலைமை தாங்கினார். அவருடைய முனைவர் பட்டம் அழகியல் சார்ந்தது. மருத்துவம் அவர் பயின்றதில்லை.

1967இல் வெளிவந்த ‘வெற்றுக்கோட்டை’ என்னும் நூலில் அவர் முன்வைத்த ஒப்புமை முகாம் வாழ்விலிருந்து எடுக்கப்பட்டது. தப்ப வழியின்றி, எந்நேரமும் இறப்பை எதிர்நோக்கிய கைதிகள் சிலர் உலகிலிருந்து முற்றிலும் விலகிப்போனதை அவர் நேரில் கண்டிருந்தார். மதியிறுக்கமுடைய குழந்தையும் அவ்வாறே விலகியுள்ளது. தான் இல்லாதிருக்க வேண்டும் எனப் பெற்றோர் விரும்புவதை உணர்ந்தே அது தன்னைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொண்டது என அவர் வாதிட்டார். இவ்வொப்புமையில் காவலரின் இடத்தில் தாய் நிறுத்தப்படுகிறாள். தம் துயரத்தின் ஆழத்திலிருந்து எழுதியவர் என்பதால் அவர் சொல்லுக்கு எடை கூடியது. ஆயின் சொந்தத் துயரத்தைப் பிறர் குழந்தைமீது ஏற்றிப் பார்த்தல் ஆய்வாகாது. தம் பள்ளியில் பெரும்பாலோர் தேறினர் என அவர் கூறியதைப் புறத்தார் சரிபார்க்க வழியிருக்கவில்லை. பெற்றோரிடமிருந்து குழந்தையைப் பிரிப்பதே அங்கு மருத்துவம் எனக் கருதப்பட்டது.

அதே 1967இல், மதியிறுக்கமுடைய மகளின் தாயான கிளாரா கிளேபோர்ன் பார்க் ‘முற்றுகை’ என்ற நூலை வெளியிட்டார். பெட்டல்ஹைமின் கோட்டைக்கு எதிராக நிற்கும் தலைப்பு அது. அவ்வில்லத்தில் முற்றுகையிட்டது தாயின் அன்பு. விடாமல், நாள்தோறும், சிறு சிறு அடியாக. ஆய்வுலகம் அன்று பெட்டல்ஹைமையே மிகுதியும் படித்தது.

எண்ணத் தொடங்கியவர்கள்

மறுப்பு முதலில் உளமருத்துவத்திற்கு வெளியிலிருந்தே எழுந்தது. அமெரிக்கக் கடற்படையில் உளவியலராகப் பணியாற்றிய பெர்னார்ட் ரிம்லாண்டுக்கு 1956இல் பிறந்த மகன் மதியிறுக்கமுடையவன். அதுவரை வெளிவந்த பதிவுகளைத் திரட்டிப் படித்து அவர் 1964இல் வெளியிட்ட நூல், அடுக்கடுக்கான எளிய வினாக்களால் ஆனது. தாய் குளிர்ந்தவள் எனில் அவளுடைய மற்றப் பிள்ளைகள் ஏன் இயல்பாக வளர்கின்றனர்? ஆண் குழந்தைகள் ஏன் மூன்று நான்கு மடங்கு மிகுதி? ஒருகரு இரட்டையர் இருவரிடமும் இந்நிலை ஏன் சேர்ந்து தோன்றுகிறது? பெற்றோர் ஒதுங்கியவராகத் தோன்றினால், மறுமொழி தராத குழந்தையோடு பல்லாண்டு வாழ்ந்ததன் விளைவாக அது ஏன் இருத்தலாகாது? அந்நூலுக்கு முன்னுரை வழங்கியவர் கேனர். நூலின் இறுதியில் இணைக்கப்பட்டிருந்த வினாநிரலை நிரப்பிப் பெற்றோர் ரிம்லாண்டுக்கு அனுப்பத் தொடங்கினர். அத்தொடர்பு வளர்ந்து 1965இல் பெற்றோர் சங்கமாக உருவெடுத்தது. அச்சங்கத்தின் 1969ஆம் ஆண்டுக் கூட்டத்தில் கேனர் பெற்றோர்முன் நின்று, அவர்கள் குற்றமற்றவர் எனத் தாம் விடுவிப்பதாக அறிவித்தார். தாம் என்றும் பிறவிநிலை என்றே கூறிவந்ததாகவும் பிறர் திரித்துவிட்டதாகவும் அவர் சொன்னார். 1943ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை; 1949ஆம் ஆண்டுக் கட்டுரையைப் படிப்போர் இதனை ஏற்க இயலாது.

அளவுச் சான்று 1977இல் கிடைத்தது. சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் ஆகிய இருவரும் பிரிட்டனில் 21 இணை இரட்டையரை ஆராய்ந்தனர். 11 ஒருகரு இணைகளுள் நான்கில் இருவருமே மதியிறுக்கமுடையவர். 10 இருகரு இணைகளுள் ஒன்றில்கூட அவ்வாறில்லை. எண்ணிக்கை சிறிதெனினும் திசை தெளிவானது. பின்வந்த பேராய்வுகள் மரபுவழிப் பங்கு மிகப் பெரிது என்பதை உறுதிப்படுத்தியுள்ளன. அது ஒற்றை மரபணுவின் செயலன்று, நூற்றுக்கணக்கான மரபணுக்கள் தொடர்புடையது.

கற்றறிந்த பெற்றோர் என்ற பழைய புதிருக்கு விடை தந்தவர் லோர்னா விங். இவரும் உளமருத்துவர், மதியிறுக்கமுடைய மகளின் தாய். மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் பாராமல், இலண்டனின் கேம்பர்வெல் பகுதியில் சிறப்புக் கவனிப்புப் பெற்ற குழந்தைகள் அனைவரையும் ஜூடித் கூல்டுடன் இணைந்து அவர் ஆராய்ந்தார். 1980இல் வெளியிட்ட கட்டுரையில், அப்பகுதிக் குழந்தைகளின் தந்தையர் எல்லாச் சமூகப் படிநிலையினரும் ஆவர் எனக் காட்டினார். உயர்நிலையினர் மிகுந்திருந்தது சிறப்பு மருத்துவமனையின் வருகைப் பட்டியலிலும் பெற்றோர் சங்க உறுப்பினர் பட்டியலிலுமே. கேனரின் பதினொரு குடும்பங்கள் காட்டிய பொதுமை இவ்வாறு முப்பத்தேழு ஆண்டுகளுக்குப்பின் கலைந்தது. அதே 1980இல் வெளிவந்த அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பு மதியிறுக்கத்தை மனச்சிதைவிலிருந்து பிரித்துத் தனி வகையாக்கியது.

பன்னிரண்டு குழந்தைகள்

‘லான்செட்’ இதழில் 1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பன்னிருவரும் இணைந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். இலண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனைக்கு வந்த 12 குழந்தைகளின் குடல் அழற்சியையும் வளர்ச்சிக் குறைபாட்டையும் அது விவரித்தது. அவர்களுள் எண்மருக்கு, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்குமான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்குப் பின்னரே மாற்றம் தொடங்கியதாகப் பெற்றோரோ மருத்துவரோ கருதினர். தொடர்பு மெய்ப்பிக்கப்படவில்லை என்று கட்டுரையே ஒப்புக்கொண்டது. எனினும் செய்தியாளர் கூட்டத்தில், மூன்றையும் தனித்தனி ஊசிகளாகப் போடலாம் என வேக்ஃபீல்ட் பரிந்துரைத்தார். ஊர்முழுதும் பரவியது அவ்வாய்மொழியே.

இங்கும் வாயிலே வினாவுக்குரியது. இக்குழந்தைகள் இயல்பான வரிசையில் வந்தவர்கள் அல்லர். தடுப்பூசி உற்பத்தியாளர்மீது வழக்குத் தொடுக்க முனைந்த தரப்போடு தொடர்புடைய குடும்பங்கள் அவர்களுள் இருந்ததையும், அவ்வழக்குக்கான நிதியை வேக்ஃபீல்ட் பெற்றிருந்ததையும் 2004 முதல் இதழாளர் பிரையன் டீர் வெளிக்கொணர்ந்தார். தடுப்பூசியை ஐயுற்றவர்களைத் திரட்டிவிட்டு, அனைவரும் தடுப்பூசியை ஐயுறுகின்றனர் என்று கண்டால் அது கண்டுபிடிப்பாகாது. 1943இல் இப்பிழை அறியாமையால் நேர்ந்தது. 1998இல் நேர்ந்ததை அவ்வாறு மன்னிக்க இயலாது. 2010இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே ஆண்டில் பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து வேக்ஃபீல்டின் பெயர் நீக்கப்பட்டது.

எண்ணியவர்கள் இம்முறை காலந்தாழ்த்தவில்லை. டென்மார்க்கில் 5,37,303 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002இலும், 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இலும் வெளியாயின. தடுப்பூசி பெற்றவர், பெறாதவர் என்ற வேறுபாட்டோடு மதியிறுக்கத்திற்குத் தொடர்பில்லை என இரண்டும் காட்டின. ஜப்பானில் 1993இல் எம்.எம்.ஆர். கைவிடப்பட்டது, அதன் பின்னும் யோகோஹாமாவில் மதியிறுக்கம் பதிவாகும் எண்ணிக்கை ஏறியதே அன்றிக் குறையவில்லை. முதல் ஊசி போடப்படும் வயதும் மதியிறுக்க அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்கும் வயதும் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் பெற்றோரின் மெய்யான அனுபவத்திற்கான விளக்கம். அவர்கள் கண்டது பொய்யன்று. அடுத்தடுத்து நிகழ்ந்ததைக் காரணமும் விளைவுமாகக் கொண்டதே பிழை. இதற்குள் இங்கிலாந்தில் தடுப்பூசி பெறுவோர் விகிதம் 92 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 80 விழுக்காடாக இறங்கியிருந்தது, தட்டம்மை திரும்பிவந்தது.

இதில் மறக்கப்பட்ட செய்தி ஒன்றுண்டு. 1964இல் அமெரிக்காவில் பரவிய ரூபெல்லாவால் கருவிலேயே தாக்கப்பட்ட 243 குழந்தைகளை ஸ்டெல்லா செஸ் ஆராய்ந்து 1971இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களுள் 10 பேர் மதியிறுக்கமுடையவர். மேலும் 8 பேரிடம் அதன் கூறுகள் இருந்தன. பொதுமக்களிடையே காணப்படும் விகிதத்தைவிட இது பன்மடங்கு. மதியிறுக்கத்திற்கு ஐயமற நிறுவப்பட்ட புறக்காரணங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்றைத் தடுக்கும் ஊசியே காரணம் எனப் பழி சுமத்தப்பட்டது.

ரிம்லாண்டின் பிற்கால நிலைப்பாடும் கருதத்தக்கது. தாய்மாரை விடுவித்த அவரே தம் இறுதி ஆண்டுகளில் தடுப்பூசியையும் பாதரசத்தையும் ஐயுற்றார். முதலில் இயல்பாக வளர்ந்து பின்னர் பின்னடையும் குழந்தைகள் பெருகிவருவதாகத் தம்மிடம் குவிந்த வினாநிரல்களைக் கொண்டு அவர் வாதிட்டார். அந்த வினாநிரல்களோ தாமாக முன்வந்த பெற்றோர் அனுப்பியவை. கேனரின் வாயிற்பிழையை முதலில் ஐயுற்றவரே, தம் அஞ்சல்பெட்டியும் ஒரு வாயில்தான் என்பதைக் காணத் தவறினார். இருபது ஆண்டுகள் மருத்துவரால் பழிக்கப்பட்ட ஒரு சமூகம், மருத்துவ நிறுவனங்களின் மறுப்பை அடுத்தமுறை எளிதில் நம்பவில்லை என்பதையும் இங்குச் சேர்த்தெண்ண வேண்டும். முதற்பிழை விதைத்த அவநம்பிக்கையில் இரண்டாவது பிழை விளைந்தது எனலாம்.

நீங்காத எச்சங்கள்

குளிர்ந்த தாய் என்ற கருத்து எங்கும் ஒரே நாளில் மறையவில்லை. உளப்பகுப்பாய்வு வேரூன்றிய பிரான்சில் அது இந்நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 2011இல் சோஃபி ராபெர் இயக்கிய ஆவணப்படம் அங்குள்ள உளப்பகுப்பாய்வாளர் சிலரைப் பேசவைத்து இதனை வெளிக்காட்டிற்று. மறுஆண்டு அந்நாட்டு உயர் சுகாதார ஆணையம், மதியிறுக்கத்திற்கு உளப்பகுப்பாய்வு பொருத்தமானது என்பதற்கு ஒருமித்த ஏற்பு இல்லை என அறிவித்தது.

தென்கொரியாவின் நிலை வேறு. மானிடவியலர் ராய் ரிச்சர்ட் கிரிங்கர் 2007இல் வெளியிட்ட நூலில், அங்குத் தாய்மார் சிலர் மதியிறுக்கம் என்ற முடிவைவிடத் தாய்ப்பாசக் குறையால் நேர்ந்த பற்றுறவுச் சிதைவு என்ற முடிவையே விரும்பி ஏற்றதைப் பதிவு செய்துள்ளார். மதியிறுக்கம் மரபுவழிப்பட்டது எனில் குடும்பம் முழுதும் கறைபடும். உடன்பிறந்தோரின் திருமணம் தடைபடும். பாசக்குறை எனில் பழி தாய் ஒருத்தியோடு நின்றுவிடும்; அன்பு செலுத்தினால் குழந்தை தேறும் என்ற நம்பிக்கையும் எஞ்சும். பால்டிமோரில் தாயின்மீது சுமத்தப்பட்ட பழியை இங்குத் தாய் தானே எடுத்துச் சுமந்தாள். மகளின் திருமணப் பேச்சுக்கு முன் வீட்டின் குறையை மறைக்கும் வழக்கம் நம்மிடையேயும் உள்ளதால் இதனை விளங்கிக்கொள்வது கடினமன்று.

கிரிங்கர் பங்கேற்ற ஆய்வுக்குழு, சியோலை அடுத்த இல்சான் பகுதியில் 7 முதல் 12 வயது வரையுள்ள 55,266 குழந்தைகளை ஆய்வின் எல்லையாகக் கொண்டது. யங் ஷின் கிம் தலைமையிலான அக்குழு, மருத்துவமனைப் பதிவேடுகளோடு நில்லாமல் பொதுப் பள்ளிகளுக்குள் சென்று தேடிற்று. 2011இல் வெளியான முடிவின்படி பரவல் 2.64 விழுக்காடு. அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் பொதுப் பள்ளி வகுப்புகளில் அமர்ந்திருந்தனர். அதுவரை எந்த மருத்துவரிடமும் அவர்கள் அந்நிலைக்காக அழைத்துச் செல்லப்பட்டதில்லை.